ஒன்பதுக்கு ஏழு

வங்கி அனுப்பிய பொறியாளர் ஆரோக்கியராஜ்
அளவு நாடாவின் ஒரு முனையை என்னிடம் கொடுத்தார்.
பிடித்துக்கொண்டேன்.
ஒன்பது அடி. ஏழு அடி.
கட்டிலின் மேல் வரைபடத்தை விரித்து
பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டார்.
"இந்த இடத்துல ரூமே இல்லைம்மா.
வானம்தான் இருக்கு."

நீலத் தாளில் எழுதியிருந்தது:
மேலே திறந்த வெளி, காற்றுக்கும் வெளிச்சத்துக்கும்.
அதற்குள்தான் ஆறு வருஷமாகத் தூங்குகிறேன்.
ஆஸ்பத்திரி லேபில் ராத்திரி முழுக்கப்
பிறத்தியார் ரத்தத்தைச் சுழலவிட்டு
விடிந்து வீடு திரும்புகிறவளுக்குப்
பகலிலும் இருட்டாக ஓர் அறை கிடைக்கிறதே என்று
சந்தோஷப்பட்டு வாங்கியது.
சதுர அடி நாலாயிரத்து இருநூறு.
இந்த அறுபத்து மூன்றுக்கு மட்டும்
இரண்டு லட்சத்து அறுபத்து நாலாயிரத்து அறுநூறு.
அவர் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது
கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

பத்திரத்தில் இந்த அறை இருக்கிறது,
சார்பதிவாளர் கையெழுத்தும் என் கட்டைவிரல் ரேகையும் சாட்சி.
மாநகராட்சி வரி ரசீதில் இருக்கிறது,
அரையாண்டுக்கு ஒருதரம் இதற்கும் சேர்த்தே கட்டுகிறேன்.
அடுத்த மேசைக்கு நகர்ந்தால் இல்லை.
இரண்டு மேசைக்கும் ஒரே மின்விசிறி.

"வரன்முறைப்படுத்தலாம், அபராதம் கட்டினா."
"யாருக்கு?"
"அரசுக்குத்தான்."

கட்டி விற்ற சிவநேசனின் போன் அணைந்திருந்தது.
அரசலாற்றுக்கு அந்தப் பக்கம்
அவருடைய அடுத்த கட்டடம் எழும்புகிறது.
பலகையில் சிரிக்கிறார்,
கீழே, முழு அங்கீகாரம் பெற்றது.
வீட்டை வாங்க வந்த பாபநாசத்து வாத்தியார்
முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார்.
தன்மையாகத்தான் கேட்டார்,
அதைத்தான் தாங்க முடியவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் ஜுலைகா.
அவள் சமையலறைக்கு ஒரு ஜன்னல்,
அதை மட்டும் வரைபடப்படியே கட்டியிருந்தார்கள்.
கம்பி, கொக்கி, இரண்டு கதவு.
திறந்தால் ஒரு சாண் தள்ளி
என் சுவரின் பூசாத முதுகு.
காலை பத்து மணிக்கும் ட்யூப் லைட்டில்தான்
கீரையில் புழு தேடுகிறாள்.
அவள் தாளிக்கும் சத்தத்தில்
எனக்கு இரண்டொரு முறை விழிப்பு வந்ததுண்டு.
குறைப்பட்டிருக்கிறேன்.

போய்ச் சொன்னேன்,
புதுச் செய்தி சொல்கிறவள் மாதிரி.
அவள் பீரோவைத் திறந்து
புடவைகளுக்கு அடியிலிருந்து எடுத்து வைத்தாள்
தகவல் உரிமையில் பத்து ரூபாய் வில்லை ஒட்டி வாங்கிய
அதே வரைபடத்தை.
தேதி பார்த்தேன். மூன்று வருஷத்துக்கு முந்தையது.
"தெரிஞ்சும் ஏன் வந்து கேட்கலை?"
மடித்த தாளின் மடிப்பையே நீவிக்கொண்டிருந்தாள்.
"வர்றப்பல்லாம் நீங்க தூங்கிட்டிருந்தீங்க."

கொத்தனார் சந்தானத்தைக் கூட்டி வந்தேன்.
சுத்தியல் காம்பால் மேலே தட்டினார்.
"இடிக்கலாம். பதினெட்டாயிரம் ஆகும்.
ஆனா இடிச்சு என்ன,
உங்க கூரை மூணாம் மாடிக்காரர் தரைல்ல?"
மூன்றாம் மாடிக்காரர் மஸ்கட்டில்.
எனக்குக் கீழே இதே ஒன்பதுக்கு ஏழில்
அவர்கள் சாமி வைத்திருக்கிறார்கள்.
தரைத்தளத்தில் இன்வெர்ட்டர், ஒரு குழந்தை சைக்கிள்.
"நாலு வீடும் சேர்ந்து இடிச்சாத்தான்
வானம்" என்றவர்
வந்து போன கூலி முந்நூறு வாங்கிக்கொண்டார்.

நேற்றுப் பகலில் மழை.
வரைபடப்படி நான் நனைந்திருக்க வேண்டும்.
காய்ந்த தலையணையில் கன்னம் வைத்து
எங்கோ மேலே ஓடு பதித்த மொட்டைமாடியில் அது விழுவதைக்
கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.
சுவருக்கு அப்பால் கொக்கி விலகும் சத்தம்.
ஜன்னலைத் திறக்கிறாள்,
எதற்கென்று தெரியவில்லை.
கொஞ்ச நேரம் கழித்துச் சாத்தினாள்.

நான் தூங்கவில்லை.